கம்பியின் மறுமுனை

“ஒரு ஆள் திருந்திட்டான்னு எதை வச்சு மேடம் கண்டுபிடிக்கிறது?”

செண்பகராமன் இதைக் கேட்டபோது பிலோமினா தரையில் உட்கார்ந்து ஒரு நாற்காலியின் ஆடும் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா நன்னடத்தை அலுவலர். சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வருகிறவர்களை அவர் பொறுப்பில்தான் விடுவார்கள். அவருடைய அலுவலகத்துக்குப் பின்னால், போக்கிடம் இல்லாதவர்கள் தங்க ஒரு ஓட்டுக் கட்டடம் இருந்தது.

செண்பகராமன் சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பிலோமினாவைவிட ரொம்ப மூத்தவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், உதவிக்கு வருகிறேன் என்று வந்து நின்றிருந்தார். காலமெல்லாம் ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டியவருக்கு, வெளியே போன பிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

பிலோமினா கடைசி ஆணியையும் அடித்து முடித்து, நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

செண்பகராமன் நாற்காலியைப் பார்த்தார். “தாங்குமா?”

“உக்காந்தாத்தானே தெரியும்.”

அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். நாற்காலி ஒரு முனகு முனகியது. அவ்வளவுதான்.

“சுடலைமணின்னு ஒருத்தர் நேத்து வந்திருக்காரு,” என்றார் பிலோமினா. “இன்னையிலேருந்து அவரு உங்க பொறுப்பு. திருந்திட்டாரான்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க.”

“என்ன கேஸ்?”

“எரிஞ்ச மோட்டாருக்குப் புதுக் கம்பி சுத்தி, காயில் கட்டுவாரு.”

“நான் கேஸைக் கேட்டேன் மேடம்.”

“நான் ஆளைச் சொன்னேன்.”

கேஸை அவர் வேறு இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். சுடலைமணியும் நயினார் என்பவரும் பொட்டல்குளத்துக்காரர்கள். ஒன்றாகத் தொழில் படித்து, ஒரே பட்டறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து காயில் கட்டியவர்கள். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வாய்த்தகராறு. சுடலைமணி கையில் கிடைத்த கடப்பாரையால் ஓங்கி அடித்தான். தலைக்கு வைத்த அடியை நயினார் கையால் தடுத்தார். உயிர் பிழைத்தது. வலது கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று.

செண்பகராமனுக்கு அது போதுமாக இருந்தது. அவர் கண்காணிக்கத் தொடங்கினார்.

*

சுடலைமணிக்கு டவுனில் ஒரு காயில் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. எதிரே டீக்கடை. செண்பகராமன் டீக்கடையில் உட்கார்ந்து பட்டறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுடலைமணி எப்போது எழுந்தான், எங்கே திரும்பினான், யாரைப் பார்த்தான், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

வாரக் கடைசியில் பிலோமினாவிடம் வந்தார்.

“ஆள் சரியில்ல மேடம். ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்க மாட்டேங்கான். மனசுல எதையோ வச்சிருக்கான்.”

“உள்ள இருக்கும்போது அவங்க சத்தமாப் பேசினா நீங்க என்ன செய்வீங்க?”

“வாயை மூடுன்னு அதட்டுவோம்.”

“சொன்னதைக் கேட்டிருக்காரு.”

செண்பகராமன் வெளியே வந்துவிட்டார்.

*

இன்னொரு நாள் அவர் கொஞ்சம் தெம்பாக வந்தார்.

“அவன் குளிக்கப் போன நேரம் சட்டைப்பையைத் துழாவிப் பாத்துட்டேன் மேடம். தப்பா ஒண்ணும் இல்ல.”

பிலோமினா மேசை மேலிருந்த காகிதங்களை ஒதுக்கி இடம் பண்ணினார்.

“உங்க பையில இருக்கறதை இங்க எடுத்து வைங்க அண்ணாச்சி.”

“என் பையிலயா?”

“ஆமா.”

ஒரு சீப்பு. ரத்தக்கொதிப்பு மாத்திரை. மடிந்த பஸ் டிக்கெட். கடைசியில், வீட்டம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் பீடிக்கட்டு.

பிலோமினா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவசரமே இல்லை. மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தார். சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியைப் பார்த்தார். அந்த நேரம் தட்டச்சுக்காரப் பெண் உள்ளே வந்து, மேசையைப் பார்த்து, பீடிக்கட்டைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

செண்பகராமனுக்குக் காதுமடல் சுட்டது.

“எடுத்துக்கோங்க,” என்றார் பிலோமினா.

அன்று சாயங்காலம் அவர் நேராகச் சுடலைமணியிடம் போனார்.

“உன் சட்டைப்பையைத் துழாவினேன்.”

“தெரியும் சார்.”

“எப்படி?”

“மடிச்ச மடிப்பு மாறியிருந்துச்சு.”

“அப்ப ஏன் கேக்கல?”

சுடலைமணி அவரை நிமிர்ந்து பார்த்தான். “கேக்கலாமா சார்?”

*

“அவருக்கு என்ன பிடிக்கும்?” என்று ஒரு நாள் பிலோமினா கேட்டார்.

“யாருக்கு?”

“உங்க ஆளுக்கு.”

அத்தனை நாள் கண் கொட்டாமல் பார்த்தும் செண்பகராமனுக்குச் சொல்லத் தெரியவில்லை. போய்ச் சுடலைமணியிடமே கேட்டார்.

சுடலைமணி ரொம்ப நேரம் யோசித்தான். காயில் கட்டிக்கொண்டிருந்த கை நின்றே போயிற்று.

“தெரியல சார். மறந்துட்டு.”

மறந்துட்டு என்று அவன் சொன்ன விதம் செண்பகராமன் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

சில நாள் கழித்து, பட்டறையை எட்டிப் பார்த்தபோது சுடலைமணியே கூப்பிட்டான்.

“சார். வடை.”

“என்ன வடை?”

“சூடா இருக்கற வடை. சட்டியிலேருந்து எடுத்த உடனே. உள்ள எல்லாமே ஆறிப்போய்த்தானே சார் வரும்.”

செண்பகராமன் ஓட்டமும் நடையுமாக டீக்கடைக்குப் போய், எண்ணெய் சொட்டச் சொட்ட வாங்கி வந்தார். இருவரும் வாயைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதித் தின்றார்கள்.

“மேடம், வடை!” என்று அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, ஏதோ பரீட்சையில் தேறியவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“சூடா?” என்று கேட்டார் பிலோமினா.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் அதுதான் அண்ணாச்சி.”

*

சித்திரை வெயிலில், பொட்டல்குளத்து ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இருந்த குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று.

ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடந்தது. மோட்டாரை மேலே எடுத்துப் போட்டுவிட்டு, ஊராட்சித் தலைவி பட்டறை பட்டறையாக அலைந்தார். கோடைகாலம். எல்லாப் பட்டறையிலும் எரிந்த மோட்டார் குவிந்து கிடந்தது. ஊருக்கே வந்து கம்பி இழுத்து, திரும்பக் குழாய்க்குள் இறக்கி ஓட்டிக் கொடுக்கக் கை ஒழிந்த ஆள் ஒருவன்தான். சுடலைமணி.

செண்பகராமன் பிலோமினாவிடம் ஓடி வந்தார்.

“இது வேண்டாம் மேடம். உங்க அனுமதி இல்லாம அவரு அந்த ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு நிபந்தனையே இருக்கு. அங்க ஒரு கைகலப்புன்னா நாளைக்கே அவரு திரும்ப உள்ள. நீங்க மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்.”

அவனை அவர் என்று சொல்ல ஆரம்பித்ததை அவரே கவனிக்கவில்லை. பிலோமினா கவனித்தார்.

“அனுமதி கொடுக்க வேண்டியவ நான்தானே?”

“அப்ப கொடுத்துட்டீங்களா?”

“எனக்கு முன்னால கொடுக்க வேண்டியவரு ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்டப் போய்க் கேளுங்க.”

“யாரு? கலெக்டரா?”

பிலோமினா வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் மடித்து மறைத்துக்கொண்டு, இடது கையால் வாசலைக் காட்டினார்.

*

நயினாரின் பெட்டிக்கடை ஊராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது. செண்பகராமன் போனபோது நயினார் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து, இடது கையால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

செண்பகராமன் தான் யார் என்பதைச் சொன்னார். வந்த விஷயத்தையும் சொன்னார்.

“தண்ணி வரணும்னா அவரு வரணும். வரலாமான்னு உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“யாரு கேக்கச் சொன்னது? அவனா?”

“எங்க மேடம்.”

நயினார் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினார். முகம் கல்லாக இருந்தது.

“இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட எதையும் கேட்டதில்ல. கோர்ட்டுல வந்து சொல்லுன்னாங்க, சொன்னேன். தண்டனை கொடுத்தாங்க. வெளிய விட்டாங்க. இவன் உள்ள போனதையும் கேக்கல, வெளிய வந்ததையும் கேக்கல. இப்பத்தான் முதத் தடவையா ஒருத்தரு கடை வாசல்ல நின்னு கேக்காரு.”

செண்பகராமன் காத்திருந்தார். தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இடுப்பில் குடத்தோடு நின்று நின்று நடந்து போனாள். நயினார் அவள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரட்டும். என் கண்ணுல மட்டும் படக் கூடாது.”

செண்பகராமன் கும்பிட்டுவிட்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

“அவன் வேலை சுத்தமா இருக்கும். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

*

சுடலைமணி ஒரேயடியாக மறுத்துவிட்டான்.

“நான் வரல சார்.”

“அவரே சரின்னுட்டாரு.”

“அவன் கையை என்னால பாக்க முடியாது சார்.”

பிலோமினாவாக இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்வார் என்று செண்பகராமன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. தனக்குத் தோன்றியதையே சொன்னார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேருமாச் சேந்து பயப்படுவோம், வாரும்.”

*

ஊராட்சி அலுவலக முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. தார்ப்பாய் நிழலில், சாக்கு விரித்து, நீளக் குழாய் மாதிரி இருந்த மோட்டாரைப் படுக்க வைத்திருந்தார்கள்.

“கையை எடுத்தவன் கட்டின மோட்டார்லயா நாங்க தண்ணி குடிக்கணும்?” என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

ஊராட்சித் தலைவி திரும்பினார். “சரி, நீரு வந்து கட்டும்.”

குரல் கொடுத்தவர் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

எதிரே நயினாரின் கடை முக்கால்வாசி அடைத்திருந்தது. மிச்சம் இருந்த இடைவெளியில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. சுடலைமணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்த தலை குனிந்தபடி, கருகிப்போன பழைய கம்பிகளை உருவி எடுத்துப் போட்டான்.

புதுக் கம்பி இழுப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் இந்த முனையில் கம்பியை உள்ளே விட, மற்றவர் அந்த முனையில் வாங்கி, இழுத்து, அடுத்த துளை வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். பட்டறை உதவியாள் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். ஆகவே அந்த முனையில் செண்பகராமன் உட்கார்ந்தார்.

சுடலைமணி கம்பியை விட்டான். செண்பகராமன் பிடித்து இழுத்தார்.

“மெதுவா சார்.”

மெதுவாக இழுத்தார். கம்பி தளர்ந்து முறுக்கிக்கொண்டது.

“இவ்வளவு மெதுவா வேண்டாம் சார்.”

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இழுக்க இழுக்கக் கம்பி உரசிக் கிறீச்சிட்டது. எதிர்க்கடையில் பலகை விழும் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம்.

“என்னவே இழுக்கேரு? கிணத்துல வாளியா இழுக்கேரு?”

செண்பகராமன் நிமிர்ந்தார். நயினார் தலைக்கு மேல் நின்றார்.

“கம்பியோட தோல் உரிஞ்சிரும்லா? சுவிட்சைப் போட்ட மறுநிமிஷம் புகைஞ்சிரும். ஊரு திரும்ப நடக்கணும். எந்திரியும்.”

“இல்ல, நான் பாத்து...”

“எந்திரியும் வே!”

செண்பகராமன் எழுந்தார். நயினார் வேட்டியை மடித்துக்கொண்டு அந்தச் சாக்கில் உட்கார்ந்தார்.

செண்பகராமனின் கண் தன்னையறியாமல் சுற்றுமுற்றும் இருந்த இரும்புச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஸ்பானர், சங்கிலி, கடப்பாரை. எல்லாம் எட்டும் தூரத்தில்தான் கிடந்தன.

நயினார் இடது கையால் கம்பியின் நுனியைப் பிடித்தார். வலது கையின் மொட்டை முனையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கம் பார்த்தார்.

“விடுலே.”

கம்பி வரவில்லை.

மோட்டாரின் அந்தப் பக்கம் சுடலைமணி கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். தோள் இரண்டும் குலுங்கின.

“கம்பி எங்கலே?”

நயினார் கையிலிருந்த நுனியை ஒரு சுண்டு சுண்டினார்.

“அழுறதா இருந்தா அப்புறம் எங்கயாவது போய் அழு. பொம்பளைங்க குடத்தோட நிக்காங்க. கம்பியை விடு.”

சுடலைமணி தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, துளைக்குள் சரசரவென்று ஒரு சத்தம். கம்பி நயினார் பக்கம் நகர்ந்து வந்தது.

அவர் அதை வாங்கி, அளவாக இழுத்து, அடுத்த துளையில் திருப்பி அனுப்பினார்.

அதன் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது கொஞ்சம்தான்.

“விடு.”

“வந்துட்டா?”

“வந்துட்டு.”

“இறுக்காத.”

கம்பி போவதும் வருவதுமாக இருந்தது. இழுப்பில் ஒரு தாளம் வந்துவிட்டது. சேர்ந்து தொழில் பார்த்தவர்களின் கைகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. ஒருவர் மூச்சு விடுவதற்குள் அடுத்தவர் தயாராக இருந்தார். கூட்டம் மெல்ல மெல்ல நெருங்கி வந்து உட்கார்ந்தது. யாரோ நயினாருக்கு முதுகில் வெயில் படாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். யாரோ இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து, ஒன்றை நயினார் பக்கத்திலும், ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, இன்னொன்றைச் சுடலைமணி பக்கத்திலும் வைத்தார்கள்.

வழியோடு போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“வேலை நல்லா இருக்கே. யாருய்யா மெக்கானிக்?”

“எங்க ஆளு,” என்றார் செண்பகராமன். நெஞ்சு தானாக நிமிர்ந்துகொண்டது.

“இவரா, அவரா? எது உங்க ஆளு?”

செண்பகராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும்தான்.”

*

மறுநாள் சாயங்காலம் மோட்டாரைக் குழாய்க்குள் இறக்கினார்கள். ஊராட்சித் தலைவி சுவிட்சின் மேல் கையை வைத்துவிட்டு, பிறகு எடுத்துவிட்டார்.

“நீங்களே போடுங்க,” என்றார் சுடலைமணியிடம்.

சுடலைமணி நயினாரைப் பார்த்தான். இரண்டு நாளில் அப்போதுதான் முதல் தடவையாக அவன் அவர் முகத்தைப் பார்த்தான்.

“என்னை ஏன்லே பாக்க? கட்டினவன் போடு.”

சுடலைமணி சுவிட்சைப் போட்டான். பூமிக்குள் எங்கோ ஓர் உறுமல். குழாய் இருமியது. சிவப்பாகக் கொஞ்சம் கக்கியது. பிறகு வெள்ளை வெளேரென்று தண்ணீர் கொட்டியது.

பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளைகள் சட்டையோடு போய்க் குழாய்க்கு அடியில் நின்றார்கள். குடங்கள் முட்டி மோதின.

செண்பகராமனின் போன் அடித்தது. பிலோமினா.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“தண்ணி வந்துட்டு மேடம்!” அவரே பாதாளத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவர் மாதிரி கத்தினார்.

“சத்தம் இங்க வரைக்கும் கேக்கு. அவரு எப்படி இருக்காரு?”

செண்பகராமன் திரும்பினார்.

சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நயினாரும் சுடலைமணியும் முகத்துக்கு முகம் நின்றார்கள். நயினார் மொட்டைக் கையைக் காற்றில் குத்திக் குத்திப் பேசினார். சுடலைமணி கழுத்து நரம்பு புடைக்க அவருக்கு மேல் கத்தினான்.

செண்பகராமனின் கால்கள் தானாக ஓட ஆரம்பித்தன. இரண்டு பேர் சத்தம் போட்டால் பாய்ந்து நடுவில் போய் நின்றே பழகிய கால்கள்.

“சண்டை போடுதாங்க மேடம்!”

“எதுக்கு?”

அவர் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

“மோட்டாரை இன்னும் ஒரு பைப்பு ஆழம் இறக்கியிருக்கணும்னு நயினார் சொல்லுதாரு. இறக்கினா சேறு இழுக்கும், உமக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு நம்ம ஆளு சொல்லுதாரு.”



“எப்படிச் சொல்லுதாரு?”

“தொண்டை கிழிய, மேடம்.”

“அண்ணாச்சி.”

“சொல்லுங்க மேடம்.”

“விலக்கிவிட்டுராதீங்க.”